குழந்தையின் செவியைக் காக்கும் இரத்தத் துளி

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகக் கிழக்கு நோக்கிச் செல்லும் சாலை கல்லாற்றைக் கடந்ததும் மலையேறத் தொடங்குகிறது. 22 கொண்டை ஊசி வளைவுகளுக்குப் பின்னர், கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் அது பொன்முடியைச் சென்றடைகிறது. மூடுபனியையும் குளிர்காற்றையும் நாடி வரும் பயணிகளுக்கு இது ஒருநாள் உல்லாசத்திற்கான இடம். ஆனால் இம்மலையிலும் இதன் சரிவுகளிலும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களும், அடிவாரக் காடுகளை ஒட்டிக் காணிப் பழங்குடியினரும் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். அவர்களுக்கு இந்த 22 வளைவுகளும் அன்றாட வாழ்வின் பகுதியாகும்.

கேரளத்தில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனைகளிலேயே நிகழ்கின்றன. மலையில் வாழும் தாயும் பிரசவத்திற்காகக் கீழே இறங்கி, சில நாட்களில் கைக்குழந்தையுடன் மேலே திரும்புகிறாள். அவள் கீழே தங்கியிருக்கும் அந்தச் சில நாட்கள் பொது சுகாதாரத்தின் நோக்கில் மிகுந்த மதிப்புடையவை. குழந்தையின் செவி கேட்கிறதா என்று கருவி கொண்டு பார்ப்பதும், அதன் குதிகாலிலிருந்து சில துளி இரத்தம் எடுத்து வைப்பதும் அந்நாட்களில் செய்யத்தக்க இரு எளிய சோதனைகள். இவ்விரண்டும் ஒன்றோடொன்று தொடர்பற்றவை போலத் தோன்றினும், அரிய பரம்பரை வளர்சிதை மாற்ற நோய்கள் சிலவற்றைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே கேள்வியின் இரு பாதிகள் எனலாம். செவிச் சோதனை, குழந்தை கேட்கிறதா என்று சொல்கிறது. இரத்தச் சோதனையோ, இன்று கேட்கும் குழந்தை நாளையும் கேட்குமா என்பதைச் சில வேளைகளில் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

வளர்சிதை மாற்றமும் அதன் பிழைகளும்

உண்ணும் உணவை உடல் பல படிகளில் சிதைத்துச் சக்தியாக மாற்றுகிறது. வேண்டிய பொருள்களை ஆக்கிக்கொண்டு, வேண்டாதவற்றை வெளியேற்றுகிறது. ஆக்கமும் சிதைவும் இணைந்த இச்செயலே வளர்சிதை மாற்றம் ஆகும். இதன் ஒவ்வொரு படியையும் ஒரு நொதி நடத்தி வைக்கிறது. அந்நொதியை உருவாக்கும் கட்டளை மரபணுவில் உள்ளது. கட்டளையில் பிழை நேர்ந்தால் நொதி குறைகிறது, அல்லது இல்லாமலே போகிறது. அப்போது ஒரு பொருள் தேவைக்கு மேல் தேங்கும். வேறொரு பொருள் கிடைக்காமல் போகும். அல்லது உயிரணுவுக்கு வேண்டிய சக்தி குன்றும்.

ஆங்கிலேய மருத்துவர் ஆர்ச்சிபால்ட் காரட் 1902இல் இத்தகைய நோயொன்றை ஆராய்ந்து, அது குடும்ப வழியில் வருவதைச் சுட்டிக் காட்டினார். 1908இல் இவ்வகை நோய்களைப் பிறவியிலேயே அமைந்த வளர்சிதை மாற்றப் பிழைகள் என்று விளக்கினார். அதன்பின் இத்தகைய நோய்கள் பல நூறு கண்டறியப்பட்டுள்ளன. தனித்தனியே நோக்கினால் ஒவ்வொன்றும் பல்லாயிரம் பிறப்புகளில் ஒன்றில் மட்டுமே காணப்படும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் அவை புறக்கணிக்கத்தக்க அளவினவல்ல.

இவற்றுள் பெரும்பாலானவை தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணுப் பிரதி வந்து சேரும்போது மட்டுமே வெளிப்படுகின்றன. ஒரு பிரதி மட்டும் பழுதுற்றிருக்கும் பெற்றோர் நல்ல உடல்நலத்துடனேயே இருப்பர். இருவரும் அத்தகையோராக அமைந்துவிட்டால், ஒவ்வொரு பேற்றிலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. முதற்குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றும் தப்பிவிடும் என்று எண்ணுவது தவறு. ஒவ்வொரு பேற்றிலும் அதே நான்கில் ஒன்று என்னும் வாய்ப்பு புதிதாகவே எழுகிறது.

செவி ஏன் எளிதில் இலக்காகிறது?

வெளிச்செவி ஒலி அலைகளைத் திரட்டுகிறது. நடுச்செவியிலுள்ள மூன்று சிற்றெலும்புகள் அவ்வதிர்வை உட்செவிக்குக் கடத்துகின்றன. உட்செவியில் காக்ளியா எனப்படும் நத்தை வடிவ உறுப்பு உள்ளது. அதனுள் ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள் வரிசையாக அமைந்து, அதிர்வை மின் குறிப்பாக மாற்றிச் செவி நரம்புக்கு அளிக்கின்றன. நரம்பு அதனை மூளைக்குக் கொண்டு செல்கிறது.

இந்த மின் மாற்றம் நடைபெற வேண்டுமானால் காக்ளியாவினுள் இருக்கும் திரவம் ஏறத்தாழ 80 மில்லிவோல்ட் மின்னழுத்தத்தில் இரவும் பகலும் நிலைத்திருக்க வேண்டும். இதனைக் காத்து வரும் திசு, இடையறாது சக்தியைச் செலவிடும் ஒரு சிறு மின்நிலையம் போன்றது. சக்தி வழங்கலில் தடை நேரின் முதலில் நலிவனவற்றுள் செவியும் ஒன்றாக இருப்பதற்கு இதுவே காரணம். மேலும் மனிதனின் மயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. தோலில் ஏற்பட்ட புண் ஆறும். உதிர்ந்த முடியும் வளரும். இழந்த மயிரணு திரும்புவதில்லை. ஆகவே இந்நோய்களில் மருத்துவத்தின் வெற்றி, பெரிதும் அது எந்த நாளில் தொடங்கியது என்பதைப் பொறுத்தே அமைகிறது.

மலிவான மருந்து, மீளாத இழப்பு

இதற்கு மிகத் தெளிவான உதாரணம் பயோட்டினிடேஸ் என்னும் நொதியின் குறைபாடாகும். பயோட்டின் என்பது வைட்டமின் பி குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சத்து. அது உணவிலிருந்து கிடைப்பதோடு, உடலுக்குள் ஒருமுறை பயன்பட்ட பின்பு பிரித்தெடுக்கப்பட்டு மீண்டும் மீண்டும் பயன்படுத்தப்படுகிறது. அவ்வாறு பிரித்துக் கொடுக்கும் பணியை ஆற்றுவது பயோட்டினிடேஸ். அந்நொதி இல்லாத குழந்தை, வாங்கிய பாத்திரத்தை ஒருமுறை பயன்படுத்தியதும் எறிந்துவிடும் இல்லத்தைப் போன்றது. விரைவில் கையிருப்பு தீர்ந்துவிடும்.

பிறக்கும்போது இக்குழந்தையிடம் குறை ஒன்றும் தெரியாது. சில வாரங்களிலோ, மாதங்களிலோ வலிப்பு தோன்றலாம், உடல் தளரலாம், தோலில் தடிப்பு உண்டாகலாம், தலைமுடி உதிரலாம், மூச்சில் மாற்றம் காணலாம். நொதி மிகக் குறைவாக இருந்து, மருத்துவம் பெறாமல் நோய்க்குறிகள் தோன்றிவிட்ட குழந்தைகளுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினருக்குச் செவிப்புலன் பாதிக்கப்பட்டிருந்ததை ஆய்வுகள் காட்டியுள்ளன.

இந்நோய்க்கு மருந்து, நாள்தோறும் வாய்வழி அளிக்கப்படும் 5 முதல் 10 மில்லிகிராம் பயோட்டினே ஆகும். வாழ்நாள் முழுவதும் அதனை உட்கொள்ள வேண்டும். பச்சை முட்டையைத் தவிர்க்க வேண்டும். அதன் வெண்கருவிலுள்ள ஒரு புரதம் பயோட்டினைப் பற்றிக் கொள்வதே காரணம். மருந்து தொடங்கியதும் வலிப்பு நிற்கிறது, தோல் தேறுகிறது, முடி வளர்கிறது. ஆனால் அதற்குள் போய்விட்ட செவிப்புலன் பெரும்பாலும் திரும்புவதில்லை. நோய்க்குறி தோன்றுமுன்பே மருந்தைத் தொடங்கிய குழந்தையோ பிற குழந்தைகளைப் போலவே வளர்கிறது. மலிவான ஒரு வைட்டமினுக்கும் வாழ்நாள் செவிட்டுத்தன்மைக்கும் இடையே நிற்பது, உரிய நாளில் எடுக்கப்பட்ட சில துளி இரத்தமே. இந்நோய்க்கான இரத்தச் சோதனை 1984இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், பிறக்கும் குழந்தைகள் அனைவருக்கும் முதன்முதலாகத் தொடங்கப்பட்டது. பின்னர் பல நாடுகள் அதனை ஏற்றுக்கொண்டன.

ரைபோஃபிளேவின் எனப்படும் வைட்டமின் பி2 உயிரணுக்களுக்குள் செல்ல உதவும் கடத்திப் புரதம் பழுதுறுவதால் உண்டாகும் நோயும் இவ்வகையினதே. அதில் செவி நரம்பு நலிவதோடு, நாளடைவில் கை கால்களும் மூச்சுத் தசைகளும் வலுவிழக்கின்றன. 2010இல் அதற்கான மரபணு கண்டறியப்பட்டது. அதுவரை வழியற்றதாகக் கருதப்பட்ட அந்நோய்க்கு, அதிக அளவில் ரைபோஃபிளேவின் அளிப்பதால் பல குழந்தைகளின் உயிர் காக்கப்படுகிறது.

தேங்கும் கழிவு

மற்றொரு வகை நோய்களில் உயிரணுக்களின் கழிவறை எனத்தக்க லைசோசோம்களில் சிதையாத பொருள்கள் தேங்குகின்றன. மியூக்கோபாலிசாக்கரைடு நோய்கள் எனப்படும் இவற்றுள் ஒன்றைச் சார்லஸ் ஹண்டர் 1917இலும், மற்றொன்றைக் கெர்ட்ரூட் ஹூர்லர் 1919இலும் விவரித்தனர். தேக்கம் செவியின் எல்லாப் பகுதிகளையும் தாக்குகிறது. மூக்கின் பின்புறத் திசு தடித்து நடுச்செவியில் நீர் கோக்கிறது. சிற்றெலும்புகளின் அசைவு குறைகிறது. காலப்போக்கில் உட்செவியும் நலிகிறது.

இக்குழந்தைகளின் பெற்றோர் முதலில் நாடுவது பெரும்பாலும் காது, மூக்கு, தொண்டை மருத்துவரையே. அடிக்கடி காது சீழ் வடிதல், உரத்த குறட்டை, ஓயாத சளி ஆகியவை சாதாரணக் குழந்தைகளுக்கும் உண்டு. ஆனால் அவற்றோடு குடலிறக்கம், உப்பிய வயிறு, விறைத்த மூட்டுகள், நாளுக்கு நாள் தடிக்கும் முக அமைப்பு ஆகியவை சேர்ந்து வருமானால், காதுக்கு மட்டும் மருந்து கொடுத்து அனுப்புவது போதாது. நோயை அறியாமல் அறுவைக்கு உட்படுத்துவதிலும் ஆபத்து உண்டு. இவர்களுடைய மூச்சுப்பாதை குறுகியும் கழுத்து விறைத்தும் இருக்கக்கூடும் என்பதால், மயக்க மருந்து அளிப்பவர் முன்னதாகவே இதை அறிந்திருத்தல் இன்றியமையாதது.

இவ்வகையில் சில நோய்களுக்குக் குறைபட்ட நொதியை ஊசி வழியே ஈடுசெய்யும் சிகிச்சை 2003 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. அதன் செலவு சாதாரணக் குடும்பத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டது. கடுமையான ஹூர்லர் நோய்க்குக் குழந்தைக்கு இரண்டு வயது நிறைவதற்குள் குருத்தணு மாற்று சிகிச்சை செய்வது நல்ல பலனைத் தருகிறது. இங்கும் காலமே தீர்ப்பளிக்கிறது.

தாய்வழி வரும் ஓர் எச்சரிக்கை

உயிரணுவின் சக்திச் சாலையான மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சொந்தமாக ஒரு சிறு மரபணுத் தொகுதி உண்டு. அது தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்குச் செல்கிறது. அதில் நேரும் ஒரு மாற்றம் நீரிழிவையும் செவிட்டுத்தன்மையையும் ஒருங்கே கொண்டு வருகிறது. வேறொரு மாற்றமோ, அதுவரை நன்கு கேட்டுவந்த ஒருவரை ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின் போன்ற மருந்துகளின் சாதாரண அளவுக்கே செவி இழக்கச் செய்கிறது. இத்தொடர்பு 1993இல் நிறுவப்பட்டது.

எனவே தாய்மாமனோ, பாட்டியோ, சிற்றன்னையோ ஊசி போட்டுக்கொண்ட பின் காது கேளாமல் போனார் என்று ஒரு குடும்பம் கூறுமானால், அதனை வெறும் பழங்கதையாக ஒதுக்கிவிடலாகாது. மருத்துவ ஏட்டில் எழுதி வைக்க வேண்டிய முக்கியச் செய்தி அது. செலவின்றிக் கிடைக்கும் இத்தகவல், அடுத்த குழந்தைக்கு வேறு மருந்தைத் தேர்ந்தெடுக்க மருத்துவருக்கு உதவும்.

இரு செவிச் சோதனைகள்

1978இல் டேவிட் கெம்ப் என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி, செவி ஒலியைக் கேட்பதோடு மிக மெல்லிய ஒலியை வெளியிடவும் செய்கிறது என்று கண்டறிந்தார். இதனைப் பயன்படுத்தி, உறங்கும் குழந்தையின் காதில் சிறு முனையைப் பொருத்திச் சில நிமிடங்களில் மயிரணுக்கள் இயங்குகின்றனவா என்று பார்க்க இயலும். எளிதும் சிக்கனமும் ஆன இந்த எதிரொலிச் சோதனையே பெரும்பாலான மருத்துவமனைகளில் முதற்கட்டமாகச் செய்யப்படுகிறது.

ஆனால் இச்சோதனை உட்செவியோடு நின்றுவிடுகிறது. மயிரணுக்கள் செம்மையாக இருந்தும் செவி நரம்பு பழுதுற்ற குழந்தை இதில் தேறிவிடக்கூடும். மேலே கூறிய ரைபோஃபிளேவின் கடத்திக் குறைபாட்டில் நிகழ்வது இதுதான். கடும் மஞ்சள் காமாலைக்கு உள்ளான பச்சிளங்குழந்தைகளிலும் இதே நிலை ஏற்படலாம். ஜி6பிடி எனப்படும் பரம்பரை நொதிக் குறைபாடு அத்தகைய காமாலைக்கு ஒரு காரணம். ஆகையால் தீவிர காமாலை கண்ட குழந்தைகளுக்கும், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தைகளுக்கும், குடும்பத்தில் இத்தகைய நோய் உள்ள குழந்தைகளுக்கும் பெரா எனப்படும் மூளைத்தண்டு மின்பதிவுச் சோதனையும் வேண்டும். தலையில் மின்முனைகளைப் பதித்து, ஒலி மூளை வரை சென்று சேர்கிறதா என்பதை அது காட்டுகிறது.

மேலும், பிறந்தபோது தேறிய செவி என்றும் தேறிய செவியல்ல. வளர்சிதை மாற்ற நோய்களில் செவிப்புலன் மாதங்கள் கழிந்தும் ஆண்டுகள் கழிந்தும் குறையலாம். ஒருமுறை தேர்ச்சி என்று எழுதிய அட்டையைக் காட்டி, ஒன்றரை வயதிலும் பேசாத குழந்தையைக் காத்திருக்கச் சொல்வது பெரும் பிழையாகும்.

இரத்தம் மலையிறங்கும்

அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் கத்ரி 1960களின் தொடக்கத்தில் குதிகால் இரத்தத்தை வடிதாளில் ஊறவைத்து உலர்த்திச் சோதிக்கும் முறையை வகுத்தார். பிறந்து ஒன்று அல்லது இரண்டு நாட்கள் கழித்து எடுக்கப்படும் இந்த இரத்தப் பொட்டு, சாதாரணத் தபாலில் செல்லக்கூடியது. மலைப்பகுதிகளுக்கு இம்முறை பெரும் வாய்ப்பு. சோதனைக்கூடம் மலையேற வேண்டியதில்லை. குழந்தையும் மலையிறங்க வேண்டியதில்லை. ஒரு தாள் இறங்கினால் போதும். செவிச் சோதனையோ இதற்கு நேர்மாறானது. அதற்குக் குழந்தை கருவியின் முன் வந்தாக வேண்டும், அல்லது கருவி குழந்தையிடம் சென்றாக வேண்டும்.

தாளிலும் கவனம் தேவை. பயோட்டினிடேஸ் நொதி வெப்பத்தாலும் ஈரத்தாலும் சிதையும் தன்மையது. மழைக்காலத்தில் நன்கு உலராத தாளோ, வெயிலில் பல நாட்கள் கிடந்த தாளோ நலமுள்ள குழந்தையையும் நோயுற்றதாகக் காட்டிவிடலாம். ஆண்டில் பல மாதங்கள் மழையும் பனியும் சூழ்ந்த மலைச்சரிவுகளுக்கு அருகிலுள்ள மருத்துவமனைகளில், தாளை உலர்த்தி விரைந்து அனுப்புவதும் மருத்துவப் பணியின் ஒரு பகுதியே. முதற்சோதனையில் ஐயம் எழுந்தால் அது நோய் உண்டு என்னும் முடிவாகாது. மறு சோதனை தேவை என்பதே அதன் பொருள். இதைப் பெற்றோருக்கு அமைதியாக எடுத்துரைத்தால் வீண் அச்சம் விலகும்.

அரசுத் திட்டங்கள்

நாட்டில் செவித்திறன் குறைவைத் தடுக்கும் தேசியத் திட்டம் 2007இல் முன்னோடித் திட்டமாகத் தொடங்கப்பட்டது. 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம், பிறப்பு முதல் 18 வயது வரையிலான சிறுவர்களின் பிறவிக் குறைகளையும் வளர்ச்சித் தாமதங்களையும் கண்டறிந்து, மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்களுக்கு அனுப்ப வழிவகுத்தது. பிறவிச் செவிட்டுத்தன்மையும் அதன் பட்டியலில் உண்டு. 2021இல் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை வெளியிடப்பட்டது. அதன்கீழ் அங்கீகரிக்கப்பட்ட சிறப்பு மையங்களில் சிகிச்சை பெறும் நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி வழங்க 2022இல் வகை செய்யப்பட்டது. திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரியின் எஸ்.ஏ.டி. மருத்துவமனை அத்தகைய சிறப்பு மையங்களுள் ஒன்று.

கேரள அரசு 1997இல் திருவனந்தபுரத்தில் தேசியப் பேச்சு, செவித்திறன் நிறுவனத்தை அமைத்தது. ஆக்குளத்தில் இயங்கும் இந்நிறுவனம் செவிச் சோதனை, பேச்சுப் பயிற்சி, மழலையர் கல்வி, பட்டப்படிப்பு ஆகியவற்றை ஒரே வளாகத்தில் அளிக்கிறது. 2012இல் தொடங்கிய சுருதி தரங்கம் திட்டம் ஏழைக் குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்த உதவியது. அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளைச் செவி, இதயம், வளர்சிதை மாற்றம் முதலிய பல நோக்கிலும் சோதிக்கும் சலபம் திட்டமும் இம்மாநிலத்தில் உள்ளது. அரிய நோய்களுக்கெனத் தனித்திட்டம் ஒன்றை 2024இல் மாநில அரசு தொடங்கியது.

ஆகவே நகரத்தில் நிறுவனங்களுக்குக் குறைவில்லை. அந்நிறுவனங்களையும் மலையுச்சியிலுள்ள வீட்டையும் இணைக்கும் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் உறுதியாக இருக்கிறதா என்பதே கேள்வி.

கடைசி வீடு வரை

பொன்முடியிலிருந்து தலைநகரம் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். வரைபடத்தில் இது பெருந்தொலைவன்று. ஆயினும் நாட்கூலியை நம்பி வாழும் தாய்க்கு, மறு சோதனைக்கான ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் வருமானத்தின் இழப்பு. கனமழையில் மண்சரிந்து பாதை அடைபடும் நாட்களும் உண்டு. குழந்தை சிரிக்கிறது, பால் குடிக்கிறது, வெளித்தோற்றத்தில் குறை ஒன்றுமில்லை என்னும்போது, இரண்டாம் முறை கீழே செல்வது வீண் என்று குடும்பம் கருதினால் அதனைக் குற்றமாகக் கொள்ள இயலாது.

இவ்விடத்தில்தான் ஆஷா பணியாளரும், அங்கன்வாடி ஊழியரும், பொது சுகாதாரச் செவிலியரும் ஆற்றும் பங்கு தலையாயது. திடீரெனக் கதவு அடைபடும் ஓசைக்குக் கைக்குழந்தை திடுக்கிடுகிறதா? ஆறு மாதத்தில் குரல் வந்த திசைக்குத் தலை திருப்புகிறதா? ஒன்பதாம் மாதத்தில் மழலை ஒலிகளை அடுக்குகிறதா? ஓராண்டு அளவில் ஒரு சொல்லேனும் வந்ததா? இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்க்கிறதா? இக்கேள்விகளுக்குக் கருவி வேண்டியதில்லை. இவற்றோடு வலிப்பு, காரணம் தெரியாத முடி உதிர்வு, தோல் தடிப்பு, ஓயாத காதுநோய், தவறிய முந்தைய குழந்தை ஆகிய ஐந்தையும் கேட்டறிந்து எழுதினால், செவிக் குறைவு தனித்து நிற்கிறதா, வேறு நோயின் தூதனாக வந்துள்ளதா என்று மருத்துவர் ஐயுறுவதற்கு வழி பிறக்கும்.

உலகெங்கும் ஏற்கப்பட்டுள்ள ஒரு கால அட்டவணை உண்டு. ஒரு மாதத்திற்குள் முதற்சோதனை, மூன்று மாதத்திற்குள் நோய் உறுதி, ஆறு மாதத்திற்குள் பயிற்சியும் கருவியும் என்பதே அது. இதனைக் கடைப்பிடிக்க வேண்டுமானால் செவிச் சோதனையின் முடிவும் இரத்தச் சோதனையின் முடிவும் இரு வேறு அலுவலகங்களின் இரு வேறு பதிவேடுகளில் உறங்கலாகாது. குழந்தையின் ஒரே அட்டையில் அவை அருகருகே இடம்பெற வேண்டும். செவி தேறாத குழந்தைக்கு இரத்த முடிவு என்னவென்று கேட்கவும், இரத்தத்தில் பிழை கண்ட குழந்தைக்கு ஆறு மாதத்திற்கொருமுறை செவியைப் பார்க்கவும் அந்த ஒரே அட்டை நினைவூட்டும்.

மொழியைப் பற்றியும் இங்குக் கருத வேண்டியுள்ளது. கேரள மலைத்தோட்டங்களில் தமிழை வீட்டுமொழியாகக் கொண்ட தொழிலாளர் குடும்பங்கள் பல உண்டு. கேட்கும் கருவி பெற்ற குழந்தைக்குப் பேச்சுப் பயிற்சியின் பெரும்பகுதி வீட்டில், தாயின் மடியில் நடைபெறுவது. தாய் தாலாட்டும் மொழியில் அப்பயிற்சி அமைந்தால்தான் அது பயிற்சியறையோடு நின்றுவிடாது. மலையாளத்தில் தரப்படும் அறிவுரைகள் தமிழிலும் கிடைக்கச் செய்வது சிறு செலவில் முடியும் பெரும் உதவி.

உறவுத் திருமணமும் குடும்ப ஆலோசனையும்

தென்னிந்தியாவில், சிறப்பாகத் தமிழ் மக்களிடையே, மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் ஆகியோரை மணக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. மாமனும் மருமகளும் தம் மரபணுக்களில் நான்கில் ஒரு பங்கையும், முதல்நிலை மாமன் அத்தை பிள்ளைகள் எட்டில் ஒரு பங்கையும் பொதுவாகப் பெற்றிருப்பர். எனவே ஒரே பழுது இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு இத்திருமணங்களில் அதிகம். இதனால் உறவில் மணந்தோர் எல்லோருக்கும் நோயுற்ற குழந்தை பிறக்கும் என்று அஞ்ச வேண்டியதில்லை. பெரும்பான்மையினர் நல்ல குழந்தைகளையே பெறுகின்றனர். உறவின்றி மணந்தோர்க்கு இந்நோய்கள் வரா என்பதும் சரியன்று.

ஒரு குழந்தைக்கு நோய் உறுதியான பின்னர், தாயைப் பழிக்கும் வழக்கம் இன்றும் சில குடும்பங்களில் உண்டு. இருவரிடமிருந்தும் ஒவ்வொரு பிரதி வந்தாலன்றி இந்நோய்களுள் பெரும்பாலானவை தோன்றா என்னும் உண்மையை ஆலோசகர் விளக்குவதே அப்பழியைத் துடைக்கும் மருந்தாகும். அடுத்த பேற்றின்போது எப்போது, எங்கே சோதிக்க வேண்டும் என்பதையும் அவரே எடுத்துரைக்க வேண்டும்.

குணமாகாத நிலையிலும்

எல்லா நோய்களுக்கும் பயோட்டின் போன்ற எளிய மருந்து அமைந்துவிடவில்லை. சிலவற்றில் உடல் மெல்ல நலிவதைத் தடுக்க இயலாது. அங்கும் செவியைக் கவனிப்பது பயனற்றதன்று. நடுச்செவி நீரை அகற்றுவதும், பொருத்தமான காதுக் கருவியை அளிப்பதும், இயலுமாயின் காக்ளியர் கருவி பொருத்துவதும் குழந்தைக்குத் தாயின் குரலைத் திரும்ப அளிக்கின்றன. சைகை மொழியும் முழுமையான மொழியே. கருவியால் பயன்பெற இயலாத குழந்தை அதனைத் தொடக்கத்திலேயே கற்குமானால் சிந்தனை வளர்ச்சி தடைப்படாது. அரிய நோய் என்ற பெயரைக் கேட்டதும், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கைவிடுவது அறிவியலுக்கும் பொருந்தாது, அறத்திற்கும் பொருந்தாது.

கருவியைப் பொருத்திவிட்டு, காரணத்தைத் தேடாமல் விடுவதும் அதே அளவு பிழை. செவி இழந்த குழந்தைக்குக் கருவி பேச்சைத் தரும். ஆனால் அடியில் உள்ள வளர்சிதை மாற்ற நோய் அறியப்படாவிட்டால், வலிப்போ, பார்வை இழப்போ, தசைத் தளர்ச்சியோ பின்னால் வந்து அந்தப் பேச்சையும் பறித்துவிடக்கூடும்.

பொன்முடிக்கு ஏறும் தாயின் கையிலிருக்கும் மருத்துவ அட்டையில் தடுப்பூசிக் குறிப்புகளோடு இன்னும் இரு வரிகள் நிரம்பியிருக்க வேண்டும்: ஒன்று செவி, மற்றொன்று இரத்தம். அவ்விரு வரிகளையும் நிரப்பப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. அவை நிரம்பாமல் மலையேறிய அட்டையின் விலையை, இரண்டாம் வயதிலும் பேசாத ஒரு குழந்தையே செலுத்துகிறது.